கிணற்றுப் பங்கும் கூரைப் பங்கும்

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், ஐந்து மாடிகளைக் கொண்ட கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாழ்கின்றார். வடமராட்சியிலே பிறந்து, அங்கேயே முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்து, போரினால் மூன்று முறை இடம்பெயர்ந்து, ஈற்றில் வெளிநாட்டிலுள்ள மகன் 2004ஆம் ஆண்டில் வாங்கிக்கொடுத்த இரண்டு அறை வீட்டிலே மனைவியுடன் குடியேறியவர் அவர். அயலவர் யாவருக்கும் அவர் ‘மாஸ்டர்’. அவருடைய குளியலறையின் மேற்றளத்திலே ஒருநாள் ஈரக்கசிவொன்று தென்பட்டது. முதலில் உள்ளங்கையளவாக இருந்த அது மூன்று மாதத்திற் சுளகளவாக விரிந்தது. அதன்பின் சொட்டத் தொடங்கியது. மாஸ்டர் அதன்கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு மேல்மாடிக்குப் படியேறினார்.

மேல்வீட்டிலே வங்கியொன்றிற் பணிபுரியும் பெண்ணும் அவருடைய கணவரும் பாடசாலை செல்லும் மகன் ஒருவனும் இருந்தனர். கதவைத் திறந்த பெண் மரியாதையாகவே பேசினார். “மாஸ்டர், எங்கட பாத்றூம் நிலத்திலை ஒரு சொட்டுத் தண்ணியும் நிக்கேல்லை. உங்கட சீலிங்கிலை ஊறினால் அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” என்றார். மாஸ்டர் சொன்ன மறுமொழி அக்கட்டடத்திற் பலநாள் பேசப்பட்டது. “பிள்ளை, உங்கட நிலந்தானே என்ர முகடு!”

அந்த ஒரு வாக்கியத்தோடு இரு குடும்பத்தாரின் பேச்சும் பதினொரு மாதங்களுக்கு நின்றுபோயிற்று. ஆயினும், அவ்வாக்கியத்தில் ஒரு சட்டப் பிரச்சினை முழுமையாக அடங்கியிருந்தது என்பதை இருவரும் உணர்ந்திருக்க நியாயமில்லை. ஒருவருடைய நிலம் இன்னொருவருக்கு முகடாக இருக்குமிடத்து, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில அங்குல கொங்கிறீற்று யாருக்கு உரியது?

நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்திடம் இக்கேள்வியைக் கேட்டால், கேள்வியே பிழை என்றுதான் அது கூறும். நிலத்தின்மேல் எழுப்பப்படுவது எதுவாயினும் அது நிலத்தையே சாரும் என்பது உரோமரிடமிருந்து வந்த கோட்பாடு. நிலத்துக்கு உரியவன் எவனோ அவனே அதன்மேல் நிற்கும் வீட்டுக்கும், வீட்டின் மாடிக்கும், அம்மாடிக்கு மேலுள்ள வெளிக்கும் உரியவன். எனவே, பிறர் நிலத்துக்கு மேலே நாற்பதடி உயரத்தில், நாற்புறமும் சுவரால் அடைக்கப்பட்ட காற்றை மட்டும் ஒருவன் தனக்கென உறுதி எழுதிக்கொள்ளுதல் அச்சட்டத்தின் எண்ணத்துக்கே எட்டாதது. மாடிவீட்டை வாடகைக்குப் பெறலாம், சொந்தமாக்குதல் இயலாது. கொழும்பிலே முதலிற் தோன்றிய தொடர்மாடிகள் பல அரசினாலோ தனவந்தராலோ வாடகைக்கு விடப்பட்டனவாகவே இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம். இதே உரோமன் டச்சுச் சட்டத்தைத் தழுவிய தென்னாபிரிக்காவும் 1971இல் தனிச்சட்டம் இயற்றியே இத்தடையைக் கடக்க வேண்டியிருந்தது. ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்த நாடுகளும் இவ்விடத்து இடர்ப்படாமல் இல்லை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1961இலும் சிங்கப்பூர் 1967இலும் இதற்கெனச் சட்டம் வகுத்தன.

இலங்கையில் 1970ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கூட்டாதனம் என்னும் கருத்தை முதன்முதலாக ஏற்றது. அதனை நீக்கிவிட்டு அதனிடத்தில் வந்ததே 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம். அவ்வாண்டின் சட்டங்களை வரிசையாகப் புரட்டுவோர் ஒரு சுவையான செய்தியைக் காண்பர். அவ்வாண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம். பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்தது. கணவன், மனைவி, அவர்களில் தங்கிவாழும் பிள்ளைகள் ஆகியோரைக் கொண்ட குடும்பமொன்று, அப்பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் தொகைக்கு மேல் வீடுகளை வைத்திருத்தலாகாது என அது விதித்தது. 10ஆம் இலக்கச் சட்டம் தொடர்மாடிகளின் பொது வசதிகளைக் கவனிக்க ஒரு சபையை நிறுவிற்று. 11ஆம் இலக்கம் மாடிவீட்டைத் தனித்தனியே உடைமையாக்க வழி திறந்தது. பல வீடுகளைக் கட்டி வாடகையில் வாழ்ந்த வர்க்கத்தினரைக் கட்டுப்படுத்திய அதே ஆண்டில், ஒரு கட்டடத்தைப் பல சிறு உடைமையாளருக்குப் பகிர்ந்தளிக்கும் கருவியும் ஆக்கப்பட்டது. இவற்றை ஒரே கொள்கையின் கூறுகளென்று அடித்துக் கூறுதல் மிகையாகலாம். ஆயினும் ஒரே காலத்தின் குழந்தைகள் என்பதில் ஐயமில்லை. 10ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சபையே 2003ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை என்னும் இன்றைய பெயரைப் பெற்றது.

இச்சட்டம் செய்த வேலை ஒரு வகையான மந்திர வேலையே. நில அளவையாளர் கட்டடத்தை அளந்து கூட்டாதனப் படமொன்றை வரைகின்றார். அது உரிய அங்கீகாரங்களைப் பெற்றுக் காணிப் பதிவகத்திற் பதியப்படுகின்றது. அக்கணத்தில் ஒரே கட்டடமாக இருந்தது இருபத்துநான்கு சொத்துக்களாகப் பிரிகின்றது. ஒவ்வொன்றையும் விற்கலாம், ஈடு வைக்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம். எஞ்சியவை, அதாவது நிலம், அத்திவாரம், தூண், வளை, கூரை, படிக்கட்டு, நடைவழி, மின்தூக்கி, நீர்த்தாங்கி, பலருக்குப் பயன்படும் குழாய்கள் ஆகிய யாவும் பொதுக்கூறுகளாகின்றன. பொதுக்கூறுகளில் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பங்கொன்று உண்டு. வீட்டை விற்றால் அப்பங்கும் உடன் செல்லும். பங்கை மட்டும் தனியே விற்றுவிட முடியாது. பொதுக்கூறுகளைப் பிரித்துத் தருமாறு வழக்கிடவும் முடியாது. இனி, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலான எல்லை எதுவெனில், படத்திலே வேறுவிதமாகக் குறிக்கப்படாதவிடத்து, சுவரினதும் தளத்தினதும் நடுக்கோடே எல்லை என்பது இத்தகைய சட்டங்கள் பின்பற்றும் பொதுவிதி. அஃதாவது மாஸ்டருடைய முகட்டுக்கும் மேல்வீட்டாரின் நிலத்துக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத கோடொன்று கொங்கிறீற்றின் வயிற்றுக்குள்ளே ஓடுகின்றது. மேற்பாதி அவர்களது, கீழ்ப்பாதி இவரது. ஆனால், தண்ணீர் அக்கோட்டை அறியாது.

எல்லை என்றவுடன் யாழ்ப்பாணத்தவன் மனதில் எழுவது வேலி. பனையோலையாலும் கிடுகாலும் ஆண்டுதோறும் அடைக்கப்பட்டு, கிளுவையும் முள்முருக்கும் கதியால்களாக நிற்கும் அவ்வேலியைச் சுற்றி அச்சமுதாயத்தின் நிலவுடைமை மனப்பாங்கு முழுவதும் பின்னப்பட்டிருந்தது. ஒரு கதியால் நான்கு விரற்கடை நகர்ந்தது என்பதற்காக இரு தலைமுறை நீதிமன்றம் ஏறிய குடும்பங்களைப் பற்றி ஒவ்வொரு கிராமத்திலும் கதையுண்டு. காணியின் பெறுமதியை விஞ்சிய தொகையை அப்புக்காத்துமாருக்குச் செலவிட்டு வெற்றிபெற்றோரும் உளர். அவ்வேலிக்கு ஒரு தெளிவு இருந்தது. அது நிலத்திலே நின்றது, கண்ணுக்குத் தெரிந்தது, இப்புறம் நான், அப்புறம் நீ என்றது. 1983 யூலைக்குப் பின்னரும், 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்த பின்னரும் வெள்ளவத்தையை நாடிவந்த மக்கள், பழைய தோட்டவீடுகள் இடிக்கப்பட்டு எழுந்த மாடிகளுக்குள் தம் தட்டுமுட்டுப் பொருள்களுடன் அவ்வேலியையும் கொண்டுவந்தனர். கதவுக்கு உட்பட்டது தமது. வெளிப்பட்டது யாருடையதும் அன்று. நடைவழியிற் பாதணித் தட்டு. படிக்கட்டின்கீழ் உடைந்த துவிச்சக்கரவண்டி. கதவின் முன்னால் தினமும் கூட்டிக் கோலமிடுபவர் அடுத்த கதவு தொடங்குமிடத்தில் விளக்குமாற்றை நிறுத்திவிடுவார்.

ஆயின், யாழ்ப்பாணத்தவனுக்குக் கூட்டுடைமை புதிதன்று. அவனுடைய பழைய உறுதிகளை எடுத்துப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். காணியின் நான்கு எல்லைகளும் கூறப்பட்டு முடிந்தபின், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும் என்று ஒரு தொடர் தவறாது வரும். கிணறு ஒருவன் காணியில் இருக்கும். அதில் நால்வருக்கோ எண்மருக்கோ பங்கிருக்கும். மற்றவன் வளவுக்குள்ளாற் சென்று நீர் அள்ளும் உரிமையும், தோட்டத்துக்கு இறைக்கும் முறையும், துலாவை நிறுத்திவைக்கும் பொறுப்பும் அப்பங்குக்குள் அடங்கும். கோடையிலே நீர் வற்றும்போது பங்காளர் அனைவரும் கூடிக் கிணறு இறைத்துச் சேறு அள்ளுவர். வராதவன் கூலியாளை அனுப்புவான். இரண்டும் செய்யாதவனை ஊர் சும்மா விடாது. எல்லைக் கதியாலுக்காகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன இரு குடும்பத்தார், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே அதே கிணற்றிற் தத்தம் முறையில் நீர் இறைத்ததுமுண்டு.

இது வழக்கத்தின் அளவிலே நின்றுவிடவுமில்லை. ஒல்லாந்தர் காலத்தில் 1707இலே தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயரால் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் வலுவளிக்கப்பட்ட தேசவழமையிலே, பங்காளிக்கு முற்கொள்வனவு உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையை வரையறுத்தது. கூட்டுடைமைக் காணியில் தன் பங்கை அந்நியருக்கு விற்க விரும்புவோன், முதலிற் சகபங்காளருக்கு அறிவிக்க வேண்டும். யாரோடு கிணற்றைப் பகிர்வது என்பதிற் பங்காளிக்கு ஒரு சொல் இருந்தது. தொடர்மாடியில் அச்சொல் இல்லை. ஒரு பிற்பகலிற் பாரவூர்தி வந்து நிற்கும். கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் படியேறும். கூரையிலும் குழாயிலும் தம்முடன் உரிமை கொண்டவர் இன்னார் என்பது அப்போதுதான் தெரியவரும்.

பங்காளரின் பழக்கம் செய்த வேலையைத் தொடர்மாடியிற் செய்வதற்காகச் சட்டம் ஒரு செயற்கை மனிதனைப் படைத்திருக்கின்றது. முகாமைக் கூட்டுத்தாபனம் என்பது அதன் பெயர். வீட்டு உரிமையாளர் அனைவரும் தாம் விரும்பினும் விரும்பாவிடினும் அதன் உறுப்பினர். அது வழக்கிடலாம், அதன்மேல் வழக்கிடப்படலாம். பொதுக்கூறுகளைப் பேணுதலும், அதற்கான பணத்தை உறுப்பினரிடமிருந்து அறவிடுதலும், கட்டடத்தைக் காப்புறுதி செய்தலும் அதன் கடமைகளாம். கொடாதவரிடமிருந்து தொகையைக் கடனாக நீதிமன்றத்தின் மூலம் அறவிடவும் இயலும். ஒவ்வொரு வீட்டுக்கும் படத்திற் குறிக்கப்பட்ட பங்குப் பெறுமானம் உண்டு. கட்டணமும் வாக்கும் அதனை ஒட்டியே கணிக்கப்படும். பிணக்கு முற்றினால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையிடம் முறையிடலாம். இவ்வளவும் தாளில் உள்ளன. படமே பதியப்படாத கட்டடங்கள் கொழும்பிற் பல உள்ளன என்பதையும், அங்கு வீடு வாங்கியோர் நிலத்திற் பிரிக்கப்படாத பங்கொன்றின் உறுதியையோ வெறும் உடன்படிக்கையையோ வைத்துக்கொண்டு கூட்டுத்தாபனமே இன்றி வாழ்கின்றனர் என்பதையும் இவ்விடத்திற் கூறாது விடலாகாது. அவர்களுடைய நிலைமை தனிக் கட்டுரைக்குரியது.

மாஸ்டரின் கட்டடத்திற் படம் பதியப்பட்டிருந்தது, கூட்டுத்தாபனமும் இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. விசாரித்தபோது அது இரண்டாம் மாடியில் ஒருவர் வீட்டு அலுமாரியில், நீலநிறக் கோவையொன்றினுள் இருப்பதாகத் தெரியவந்தது. கடைசிக் கூட்டறிக்கை எட்டாண்டுகளுக்கு முந்தியது. மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் அறவிடப்பட்டு வந்தது உண்மை. அது காவலாளியின் சம்பளத்துக்கும், படிக்கட்டு விளக்குக்கும், மின்தூக்கியின் சேவைக்கும் மட்டுமட்டாகப் போதியதாயிற்று. நாளைக்கென ஒதுக்கிவைத்தது எதுவுமில்லை.

கட்டணத்தை உயர்த்தலாம் என்று எவரேனும் கூறினால் எழும் வாதங்கள் கேட்கத் தகுந்தவை. தரைமாடியில் வாழும் வர்த்தகர், “நான் லிப்ற்றிலை காலே வைக்கிறதில்லை; நான் ஏன் லிப்ற்றுக்குக் காசு கட்ட வேணும்?” என்பார். ஐந்தாம் மாடியில் உள்ளவர், கூரை ஒழுகினால் நனைவது தாம் ஒருவரே என்பதால் கூரைக்குப் பூச்சு அடிக்கும்போது மற்றவர் கைகழுவிவிடுவர் என அஞ்சுவார். இரண்டு வாதத்துக்கும் சட்டத்தின் பதில் ஒன்றே. மின்தூக்கி ஐந்தாம் மாடிக்காரருக்கு மட்டும் உரியதன்று, கூரையும் அவ்வாறே. தூணைப் பயன்படுத்தாமல் யாரும் அங்கு வாழவில்லை. வர்த்தகரின் வாதத்தில் ஒரு நியாயம் தொனிப்பது உண்மைதான். பயன்படுத்தாததற்குப் பணம் கேட்பது நமது சாதாரண நீதியுணர்வுக்கு முரணாகத் தோன்றும். எனினும் ஒவ்வொருவரும் தாம் மிதிக்கும் படியை மட்டும் எண்ணிப் பணம் கொடுப்பதாயின், கட்டடம் என ஒன்று எஞ்சாது.

இருபத்துநான்கு வீடுகளுள் ஏழு பூட்டிக் கிடப்பவை. உரியவர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கின்றனர். கோயிற் திருவிழாவுக்கு அல்லது திருமணமொன்றுக்கு வந்து இரண்டு வாரம் தங்குவர். கட்டணத்தைச் சிலர் ஒழுங்காக அனுப்புவர். சிலர் வரும்போது தருவர். ஒருவர் பூட்டிய வீட்டுக்கு எதற்குப் பராமரிப்பு என்று கேட்டுக் கடிதம் எழுதினார். வேறு ஆறு வீடுகளில் வாடகைக் குடியிருப்பாளர். அவர்களே கட்டடத்தை நாள்தோறும் பயன்படுத்துவோர். ஆனால் கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கில்லை. அவர்களிடம் குறைகேட்கும் வழக்கமுமில்லை. இந்த அமைப்பில் வாக்குள்ளவன் இங்கில்லை, இங்குள்ளவனுக்கு வாக்கில்லை.

பிணக்குகள் எல்லாமே பணத்தைப் பற்றியனவுமல்ல. தைப்பொங்கலன்று மொட்டைமாடியில் மூன்று கல் வைத்துப் பொங்கிய குடும்பத்தின்மேல், சீமெந்துத் தளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு கருகிவிட்டதென ஐந்தாம் மாடிக்காரர் முறையிட்டார். மொட்டைமாடி பொதுக்கூறு என்பது பொங்கியவரின் வாதம்; பொதுக்கூறு என்பதனாலேயே தனிஒருவர் கேளாமல் நெருப்பு மூட்டலாகாது என்பது மற்றவரின் வாதம். இருவரும் ஒரே சொல்லையே எடுத்துக்காட்டினர் என்பது கவனிக்கத்தக்கது. மாவிடிக்கும் ஒலி, நாய் வளர்த்தல், நள்ளிரவில் கதிரை இழுத்தல், வாகனத் தரிப்பிடத்தில் மஞ்சட்கோட்டைத் தாண்டி நிற்கும் சில்லு என இப்பட்டியல் நீளும். மத்தியஸ்த சபைகளுக்கும் இத்தகைய வழக்குகள் பொருத்தமானவையே. ஆனால், அங்கு செல்வதற்கும் முதலில் இருவர் ஒருவரோடொருவர் பேச வேண்டும்.

பராமரிப்புப் பணத்தைப் பற்றிய இழுபறி எங்குவரை செல்லக்கூடும் என்பதற்கு உலகமறிந்த நிகழ்ச்சியொன்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மயாமிக்கு அண்மையிலுள்ள சேர்ப்சைட் என்னும் கடற்கரை நகரிலே, 1981இற் கட்டப்பட்ட பன்னிரண்டு மாடிக் கூட்டாதனக் கட்டடமொன்றின் பெரும்பகுதி 2021ஆம் ஆண்டு யூன் 24ஆந் திகதி பின்னிரவில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது இடிந்து வீழ்ந்தது. 98 பேர் மாண்டனர். நீச்சற்குளத் தளத்தில் நீர் வழிந்தோடாமல் தேங்கி, கொங்கிறீற்று பழுதடைவதாகப் பொறியியலாளர் ஒருவர் 2018இலேயே அறிக்கை அளித்திருந்தார். அதன்பின் உரிமையாளர் கூடினர், பிரிந்தனர். 2019இல் நிருவாக சபையினருட் பெரும்பாலோர் பதவி விலகினர். சுமார் 1½ கோடி டொலர் செலவைப் பங்கிடுவது பற்றிய கடிதங்கள், கட்டடம் வீழ்ந்த அவ்வாண்டிலும் போய்வந்துகொண்டிருந்தன. இடிவுக்கு இழுபறியே காரணம் என்று கூறிவிடல் பொருந்தாது; அத்தளம் தொடக்கத்திலேயே கட்டட விதிகள் வேண்டும் வலுவைக் கொண்டிருக்கவில்லை என்பதை அரசு ஆய்வாளர் பின்னர் கண்டறிந்தனர். ஆயினும் மூன்றாண்டுக் காலம் யார் எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சிலே கழிந்தமை உண்மை. மறு ஆண்டில் புளோரிடா சட்டமன்றம், பழைய கூட்டாதனக் கட்டடங்களைக் குறித்த காலத்திற் பரிசோதிப்பதையும், பெருந்திருத்தங்களுக்கெனப் பணம் ஒதுக்கிவைப்பதையும் கட்டாயமாக்கிற்று.

வெள்ளவத்தையும் கடற்கரை. உப்புக்காற்று அங்கும் வீசுகின்றது. கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்புக்கம்பி துருப்பிடித்துப் பருத்து, சீமெந்தைப் பிளந்துகொண்டு வெளித்தெரியும் காட்சியைப் பல கட்டடங்களின் மாடமுகப்புகளிற் காணலாம். மாஸ்டரின் மகன் தொலைபேசியிற் சேர்ப்சைட் செய்தியைச் சொல்லி, “அப்பா, ஒரு பாஸைக் கூப்பிட்டு உடனே காட்டுங்கோ” என்று வற்புறுத்தியதன் பின்னரே அவர் முதன்முறையாகக் குழாய் வேலை தெரிந்த ஒருவரை அழைத்தார். அதுவரை அவர் எழுதியதெல்லாம் கடிதங்கள். மேல்வீட்டாருக்கு மூன்று, கூட்டுத்தாபனத்தின் தலைவர் என்று கருதப்பட்டவருக்கு இரண்டு. ஆசிரியராக இருந்தவருக்குக் கடிதத்தில் இருந்த நம்பிக்கை, பாவம், குழாயில் இருக்கவில்லை.

வந்தவர் ஹொரணைப் பக்கத்தைச் சேர்ந்த சிங்கள பாஸ். வயதானவர். மாஸ்டரின் முகட்டை விரலாற் தட்டிப் பார்த்துவிட்டு, துணிக்குப் போடும் நீலம் இருக்கிறதா என்று கேட்டார். மேல்வீட்டுப் பெண்ணிடம் அரைகுறைத் தமிழில் அனுமதி பெற்று, அவர்களுடைய குளியலறைத் துவாரத்தைத் துணியால் அடைத்து, நிலத்தில் இரண்டங்குலம் நீர் நிரப்பி, அதில் நீலத்தைக் கரைத்துவிட்டு, நாளை வருகிறேன் என்று போய்விட்டார். அன்றிரவு இரு வீட்டாரும் உறங்கியிருக்கமாட்டார்கள். விடியற்காலையில் மாஸ்டரின் வாளியில் வழக்கம்போல நீர் சேர்ந்திருந்தது. அது சற்று மங்கிய நீராக இருந்தது, நீலமாக இருக்கவில்லை.

பாஸ் சுவரோரத்தில் இருந்த குழாய்க் குழியின் மூடியைத் திறந்தார். ஐந்தாம் மாடியிலிருந்து தரைவரை நேராக இறங்கும் கழிவுநீர்க் குழாய் அங்கே நின்றது. நான்காம் மாடித் தளத்தினூடாக அது புகுந்து வரும் இடத்திற் பொருத்து விலகியிருந்தது. மேலிருந்து வரும் நீரில் ஒரு பங்கு அவ்விடத்திற் கசிந்து, தளத்துக்குள் ஊறி, மாஸ்டரின் முகட்டிற் சொட்டியது. அக்குழாய் மேல்வீட்டாருடையதுமன்று, மாஸ்டருடையதுமன்று. ஐந்து வீடுகளுக்குப் பயன்படும் அக்குழாய் பொதுக்கூறு. இருபத்துநான்கு உரிமையாளருக்கும் அதிற் பங்குண்டு. பதினொரு மாதங்களாக இரு குடும்பத்தார் தத்தமது என்றும் மற்றவரது என்றும் வாதாடாமல் வாதாடிய அச்சொட்டில், இலண்டனில் உள்ளவருக்கும் ரொறன்ரோவில் உள்ளவருக்கும் உரிமை இருந்திருக்கின்றது.

நீலக்கோவை அலுமாரியிலிருந்து இறக்கப்பட்டது. போயா நாளொன்றின் மாலையில், வாகனத் தரிப்பிடத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் இட்டு எட்டாண்டுகளின் பின் ஒரு கூட்டம் கூடிற்று. இருபத்துநான்கில் ஒன்பது வீட்டாரே வந்தனர். முறைப்படி எதையும் தீர்மானிக்கப் போதிய தொகையினர் இல்லையென்று ஒருவர் சட்டம் பேசினார். அவர் கூறியதில் உண்மை இருந்திருக்கலாம். தரைமாடி வர்த்தகர், மேலேயுள்ளோர் அனைவரின் கழிவும் தம் சுவரைத் தாண்டியே போகின்றது, அதைச் சகித்துக்கொள்வதற்கே தமக்குப் பணம் தரவேண்டும் என்றார். சிலர் சிரித்தனர். வீட்டுக்கு இவ்வளவு எனச் சமமாகப் பிரிப்பதா, பங்குப் பெறுமானப்படி பிரிப்பதா என்பதில் ஒரு மணிநேரம் கழிந்தது. சிறிய வீட்டார் பங்குப் பெறுமானத்தையும், பெரிய வீட்டார் சமத்துவத்தையும் ஆதரித்தனர். சமத்துவம் என்னும் சொல்லுக்கு இப்படியும் ஒரு பயன்பாடு உண்டு.

அப்போது மாஸ்டர் எழுந்து, தம்முடைய தந்தையாரின் காணிக் கிணற்றிலே எட்டிலொரு பங்கு தமக்குண்டு என்று தொடங்கினார். வந்திருந்தோர் ஊர்க்கதை ஒன்றைக் கேட்க ஆயத்தமாயினர். ஆனால் அவர் கதை சொல்லவில்லை. எட்டிலொரு பங்குக்காரன் கிணறு இறைக்கும்போது எட்டிலொரு பங்கு கூலியே கொடுத்தான், அங்கே யாரும் தலைக்கணக்குப் பார்க்கவில்லை, உறுதியில் எழுதிய கணக்கே கணக்கு என்று கூறிவிட்டு இருந்துவிட்டார். அவருடைய வீடு பெரிய வீடுகளுள் ஒன்று என்பதைப் பலர் கவனித்திருப்பர். மேல்வீட்டுப் பெண் எதுவும் பேசவில்லை. தம் கைப்பையைத் திறந்து, தம் வீட்டுக்கு எவ்வளவு வருமென்று மட்டும் கேட்டார்.

அன்றிரவே மாஸ்டர் கோடிட்ட தாளொன்றில் இருபத்துநான்கு இலக்கங்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் பங்குப் பெறுமானத்தையும் தொகையையும் கணக்கிட்டு, மின்தூக்கியின் கதவருகே ஒட்டினார். இதுவரை பதினான்கு வீட்டார் செலுத்திவிட்டனர். வெளிநாட்டில் உள்ள எழுவருள் நால்வர் அனுப்புவதாக எழுதியுள்ளனர். மூவரிடமிருந்து மறுமொழி இல்லை. தரைமாடி வர்த்தகர் பாதித் தொகையைத் தந்து, மீதி வழக்கிலே தீரட்டும் என்றிருக்கின்றார். பாஸ் குழாய்க்கு அளவெடுத்துக்கொண்டு போயிருக்கின்றார். நத்தாருக்கு முன்னர் வருவாராம். வாளி இன்னும் அதே இடத்தில் இருக்கின்றது. நிறைந்த வாளியைத் தூக்குவது மாஸ்டரின் முதுகுக்கு ஆகாது என்பதால், காலையும் மாலையும் மேல்வீட்டுப் பையன் படியிறங்கி வந்து அதனை ஊற்றிவிட்டுப் போகின்றான்.